டிரேடு தேர்வு: ‘ஏன்?’ என்று கேட்டால் பதில் சொல்கிற கணினி

சேலத்தில் ஐ.டி.ஐ. கவுன்சலிங் நடக்கிற நாளில் அங்கே போய் அரை மணி நேரம் நின்று பாருங்கள். மார்க் வரிசைப்படி பெயரைக் கூப்பிடுவார்கள், பையன் உள்ளே போவான், எந்த டிரேடில், அதாவது தொழிற்பிரிவில், எத்தனை இடம் மீதி இருக்கிறது என்று திரையில் தெரியும், “எது வேணும்?” என்பார்கள், அவன் திரும்பி அப்பாவைப் பார்ப்பான், அப்பா உட்கார்ந்திருக்கிறவரிடமே “எது சார் நல்லா இருக்கும்?” என்று கேட்பார். ஒன்றோ இரண்டோ வருடப் படிப்பு, அதற்கப்புறம் முப்பது வருட உழைப்பு, எல்லாம் சில நிமிடங்களில் முடிவாகிவிடுகிறது. உள்ளே இருப்பவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்குப் பின்னால் இன்னும் நூறு பேர் காத்திருக்கிறார்கள்.

நான் அப்படித்தான் டர்னர் ஆனேன். ஃபிட்டர் இடம் முடிந்துவிட்டது, டர்னர் இருந்தது. லேத், அதாவது கடைசல் இயந்திரம், எனக்குப் பிடித்துப்போனது, அது என் அதிர்ஷ்டம். என்னோடு சேர்ந்தவர்களில் இரண்டு பேர் முதல் தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வரவே இல்லை. அவர்கள் திறமை இல்லாதவர்கள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை, வேறு பட்டறையில் நிற்க வேண்டியவர்கள், அவ்வளவுதான். பிற்பாடு நான் கம்ப்யூட்டர் பக்கம் வந்துவிட்டாலும் அந்த இரண்டு காலி இடங்கள் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் வல்லுநர் அமைப்பு, அதாவது எக்ஸ்பர்ட் சிஸ்டம், இதற்கு உதவுமா என்று தேட ஆரம்பித்தேன்.

இந்த யோசனை புதிது கிடையாது. இந்தோனேசியாவில் எஸ்.எம்.கே. என்கிற தொழிற்கல்வி மேல்நிலைப் பள்ளிகளில் மாணவர் எந்தப் பிரிவில் சேரலாம் என்று பரிந்துரைக்க இப்படிப்பட்ட மென்பொருள்களைக் கல்லூரி மாணவர்கள் நிறையவே செய்து பார்த்திருக்கிறார்கள். நம் பக்கத்தில்தான் அதைப் பற்றிய பேச்சே குறைவு.

வல்லுநர் அமைப்பு என்பது இப்போது எல்லோரும் பேசுகிற ஏ.ஐ.க்கு ரொம்ப மூத்தது. ஒரு துறையில் ஊறியவர் மனதில் வைத்திருக்கிற “இப்படி இருந்தால் இப்படி” என்கிற கணக்குகளை விதிகளாக எழுதி ஒரு பக்கம் வைத்துக்கொள்வது, அந்த விதிகளை எதிரில் இருப்பவரின் விவரங்களோடு பொருத்தி முடிவுக்கு வருகிற வேலையை இன்னொரு பகுதியிடம் கொடுப்பது, அவ்வளவுதான் அதன் உடம்பு. 1965-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஃபைகன்பாம், ஜோஷுவா லெடர்பெர்க் போன்றவர்கள் தொடங்கிய டென்ட்ரல் வேதியியல் மூலக்கூறுகளின் அமைப்பைக் கண்டுபிடிக்க உதவியது. 1970-களில் அதே இடத்தில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் உருவாக்கிய மைசின் ரத்தத்தில் பாக்டீரியா தொற்று உள்ளவருக்கு எந்த மருந்து கொடுக்கலாம் என்று சொன்னது. மைசினில் இருந்தவை சில நூறு விதிகள்தான். மூளைக்காய்ச்சல் நோயாளிகள் 10 பேருடைய விவரங்களை அதனிடமும் மருத்துவர்களிடமும் கொடுத்து, யாருடைய பரிந்துரை என்று சொல்லாமல் 8 நிபுணர்களை மதிப்பிடச் சொன்னபோது மைசினுக்கு 65 சதவீதம் கிடைத்தது, ஸ்டான்ஃபோர்டின் மருத்துவப் பேராசிரியர்களுக்குக் கிடைத்தது 42.5 முதல் 62.5 வரை. அப்படி இருந்தும் மைசின் அன்றாட மருத்துவத்துக்குள் போகவே இல்லை. விவரங்களைத் தட்டச்சு செய்யவே அரை மணி நேரம் பிடித்தது, தவறு நடந்தால் யார் பொறுப்பு என்பதற்கும் பதில் இல்லை.

என்னை நிற்க வைத்தது அந்த 65 சதவீதம் கிடையாது. மைசின் ஒரு கேள்வி கேட்டால் மருத்துவர் பதிலுக்கு “இதை ஏன் கேட்கிறாய்?” என்று கேட்கலாம், அது தான் சரிபார்த்துக்கொண்டிருக்கிற விதியை எடுத்துக் காட்டும். முடிவு சொன்ன பிறகு “எப்படி இந்த முடிவுக்கு வந்தாய்?” என்றும் கேட்கலாம். இதுதான் நம் கவுன்சலிங்கில் இல்லாத விஷயம். மார்க் வரிசை “ஏன்” என்ற கேள்விக்கு மார்க்கைத் தவிர வேறு எதையும் சொல்லாது. பக்கத்து வீட்டு மாமா “எலக்ட்ரீஷியன் எடு, எங்க போனாலும் பொழைச்சுக்கலாம்” என்பார், அவருடைய காரணம் அவர் மனதோடு இருக்கும், அதை எடுத்து வைத்து வாதாட முடியாது. விதியாக எழுதிவிட்டால் வாதாடலாம். பதினைந்து வயதுப் பிள்ளைகூட வாதாடலாம்.

சரி, விதிகளை யார் சொல்வது? இந்த வேலையிலேயே கஷ்டமான இடம் இதுதான். ஃபைகன்பாமே இதைத்தான் முட்டுக்கட்டை என்றார். வல்லுநருக்குத் தெரியும், ஆனால் தனக்குத் தெரிவது என்ன என்று அவருக்கே சொல்ல வராது. இருபது வருடத்துக்கு மேல் வெல்டிங் சொல்லிக்கொடுத்த ஒரு சாரிடம் போய் “யார் வெல்டிங்குக்குச் சரிப்படுவார்கள்?” என்று கேட்டேன். “கை நடுங்கக் கூடாது, கண்ணு நல்லா இருக்கணும், பொறுமை வேணும்” என்றார். இதை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். அப்புறம் கேள்வியை மாற்றிக் கேட்டேன். உங்களிடம் படித்ததில் நன்றாக வந்த ஒருவரையும், நன்றாக வருவார் என்று நினைத்து வராமல் போன ஒருவரையும் நினைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பேருக்கும் முதல் மாதத்தில் என்ன வித்தியாசம்? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “ஒருத்தன் மோசமா விழுந்த வெல்டை கிரைண்டர் போட்டு மழுப்பிக் கொண்டுவந்து காட்டுவான். இன்னொருத்தன் உடைச்சுட்டு மறுபடி போடுவான். ரெண்டாவதா சொன்னவன் இப்ப நல்லா இருக்கான்.” அந்த ஒரு பதிலுக்காக எத்தனை மதியம் வேண்டுமானாலும் அவரோடு உட்காரலாம்.

இதிலிருந்து கேள்வி எப்படி அமைய வேண்டும் என்பதும் புரிந்தது. வழக்கமான ஆர்வத் தேர்வுகள், 1959-ல் ஜான் ஹாலண்ட் தொழில் ஆர்வங்களை ஆறு வகையாகப் பிரித்தாரே, அதன் வழியில் வந்தவை பலவும், “இயந்திரங்களைப் பழுது பார்ப்பது உங்களுக்குப் பிடிக்குமா?” என்கிற மாதிரிதான் கேட்கின்றன. லேத்தையே பார்த்திராத பிள்ளைக்கு லேத் வேலை பிடிக்குமா பிடிக்காதா என்று எப்படித் தெரியும்? அவன் சினிமாவில் பார்த்ததை வைத்து ஏதோ ஒன்றை டிக் அடிப்பான். அதற்குப் பதிலாக, நீ செய்து கெட்டுப்போன பொருள் ஒன்றைச் சொல், அதை அப்புறம் என்ன செய்தாய், தூக்கிப் போட்டாயா, ஒளித்து வைத்தாயா, தெரிந்தவரிடம் காட்டினாயா, மறுபடி செய்தாயா என்று கேட்டால் அவனால் சொல்ல முடியும், ஏனென்றால் அது நடந்த விஷயம். ஃபிட்டர் டிரேடில் முதல் சில மாதங்கள் இரும்புத் துண்டை அரம் போட்டு ராவிக்கொண்டே இருக்க வேண்டும், மட்டம் வரும் வரை விடமாட்டார்கள். அதைத் தாங்குவானா என்று தெரிய “உனக்குப் பொறுமை உண்டா?” என்று கேட்டுப் பயனில்லை, இல்லை என்று யார் சொல்வார்கள்? ஒரே வேலையை ஒரு வாரம் தொடர்ந்து செய்தது எப்போது என்று கேட்க வேண்டும். எல்லாக் கேள்விக்கும் “தெரியாது” என்று ஒரு பதிலும் இருக்க வேண்டும். மைசினில் அந்த வசதி இருந்தது.

இப்படிக் கேட்டால் சேலம் மாவட்டத்துப் பிள்ளைகளிடமிருந்து வருகிற பதில்கள் சாதாரணமானவை கிடையாது. சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசு செய்கிற வீட்டுப் பிள்ளைக்குப் பொடி வைத்து ஊதிப் பற்ற வைப்பது பழக்கமான காட்சி. உலோகம் எந்த நிறத்தில் இளகும், சூடு கூடினால் எப்படிக் கெட்டுப்போகும் என்பதெல்லாம் புத்தகத்தைத் திறக்கும் முன்பே அந்தக் கண்ணுக்குத் தெரியும். துருப்பிடிக்காத எஃகை டிக் (TIG) வெல்டிங்கில் இணைக்கிறவருக்கு வேண்டிய கண் கிட்டத்தட்ட அதுதான். துருப்பிடிக்காத எஃகு செய்கிற ஆலையே நம் ஊரில் இருக்கிறது. எடப்பாடி, ஜலகண்டாபுரம் பக்கம் விசைத்தறிக்கூடத்தில் வளர்ந்தவள் நாலு தறி ஓடுகிற சத்தத்துக்கு நடுவே ஒரு தறியின் சத்தம் மாறியதை மட்டும் பிரித்துச் சொல்லிவிடுவாள். இயந்திரப் பராமரிப்பில் அந்தக் காதுக்கு மதிப்பு அதிகம். சங்ககிரியில் லாரிப் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தவர்கள், ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலை மோட்டார்களைப் பார்த்து வளர்ந்தவர்கள், இவர்களுக்கெல்லாம் மார்க் ஷீட்டில் ஏறாத ஒரு படிப்பு ஏற்கெனவே இருக்கிறது. வேறு ஊரில் செய்த மென்பொருளை வாங்கி வந்து மாட்டினால் அதில் கொலுசுக்கு ஒரு கேள்வி இருக்காது.

இனி கணக்குக்கு வருகிறேன். விதிகள் எல்லாம் ஒரே பலம் உள்ளவை கிடையாது என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஓர் உறுதி எண் கொடுப்பார்கள், −1 முதல் +1 வரை. மைசினில் வந்த முறைதான் இது. சிவதாபுரம் பையன் ஒருவனை வைத்துக்கொள்வோம். “உலோகத்தைத் தீயில் இளக்கிப் பழகியிருந்தால் வெல்டர், 0.6” என்று ஒரு விதி. “ஒரே நிலையில் உட்கார்ந்து நுணுக்க வேலையைத் தொடர்ந்து செய்ய முடிந்தால் வெல்டர், 0.5” என்று இன்னொன்று. இரண்டையும் நேரே கூட்டினால் 1.1 ஆகி எல்லை தாண்டிவிடும். அதனால் முதல் விதி விட்ட மிச்சத்தில்தான், அதாவது 0.4-ல்தான், இரண்டாவது விதிக்குப் பங்கு: 0.5 × 0.4 = 0.2. ஆக மொத்தம் 0.8. இப்போது அவன் பின்னால் டிப்ளமோ படிக்க ஆசை என்கிறான். பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வழி உண்டு, ஆனால் வெல்டர் ஒரு வருட டிரேடு. அதனால் “டிப்ளமோ ஆசை இருந்தால் வெல்டர், −0.4” என்று ஒரு விதி குறுக்கே வருகிறது. எதிரும் நேரும் சேரும்போது கூட்டிவிட்டு, கழித்தல் குறியைப் பார்க்காமல் இரண்டில் எது சின்னதோ அதை 1-லிருந்து கழித்து அதனால் வகுக்க வேண்டும்: 0.8-ல் 0.4 போக மிச்சம் 0.4, அதை 0.6-ஆல் வகுத்தால் சுமார் 0.67. திரையில் வெல்டர் 0.67 என்று வரும். அவன் “ஏன் குறைஞ்சுது?” என்று கேட்டால் அந்த டிப்ளமோ விதி வரும். அந்த விஷயமே அவனுக்கு அப்போதுதான் முதல் தடவையாகத் தெரிய வரலாம். வீட்டில் பேசிவிட்டு வந்து டிப்ளமோ வேண்டாம் என்றால் மறுபடி 0.8. வேண்டும் என்றால் இரண்டு வருட டிரேடுகளான ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இந்தப் போக்குவரத்துக்குத்தான் நான் இதை ஆதரிக்கிறேன், கடைசியில் வருகிற எண்ணுக்காக இல்லை.

அந்த எண்ணை நம்பிவிடக் கூடாது என்பதற்குக் காரணமும் இருக்கிறது. ஸ்பேனர் பிடித்திருக்கிறாயா, வண்டியைக் கழற்றிப் பார்த்திருக்கிறாயா, மெக்கானிக் கடையில் நின்றிருக்கிறாயா என்று மூன்று கேள்வி வைத்து ஒவ்வொன்றுக்கும் 0.3 கொடுத்தால் மூன்றும் சேர்ந்து 0.66-க்குப் போய்விடும். உண்மையில் அது ஒரே விஷயம், லீவில் மாமா கடையில் இருந்தான், அவ்வளவுதான். ஒன்றையே மூன்று விதமாகக் கேட்டு மூன்று சாட்சியாக எண்ணுகிற தவறு இந்த முறையில் சுலபமாக நடக்கும், வெளியே தெரியவும் தெரியாது. என் முதல் முயற்சியில் வந்தவர்களில் பாதிப் பேருக்கு மோட்டார் மெக்கானிக் என்றே வந்தது, காரணம் தேடினால் இதுதான்.

எண்ணே போடக் கூடாத விதிகளும் உண்டு. வயது 14 முடிந்திருக்க வேண்டும், வெல்டருக்கும் ஒயர்மேனுக்கும் எட்டாம் வகுப்பு போதும், ஃபிட்டருக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும், இவையெல்லாம் உண்டு அல்லது இல்லை. எலக்ட்ரீஷியனுக்கு நிறம் பிரித்துப் பார்க்கிற கண் வேண்டும், ஒயரின் நிறத்தை வைத்துத்தான் வேலை. சிவப்பு பச்சை பிரியாத குறை பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம், பல பையன்களுக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கிற அட்டையைக் காட்டிப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. சேர்ந்து ஒரு வருடம் கழித்துத் தெரிவதைவிட அந்த ஐந்து நிமிடம் முதலிலேயே நடப்பது நல்லது.

விதிகளை ஓட்டுவதில் இரண்டு வழி. கிடைத்த விவரங்களிலிருந்து முன்னே போய் எங்கே நிற்கிறோம் என்று பார்ப்பது ஒன்று, எதுவும் முடிவு செய்யாமல் வருகிற பிள்ளைக்கு அது சரி. “எனக்கு டீசல் மெக்கானிக்தான்” என்று உறுதியோடு வருகிறவனுக்கு முடிவிலிருந்து பின்னோக்கி வந்து, அதற்கு என்னென்ன வேண்டும், உன்னிடம் எவை இருக்கின்றன என்று பார்ப்பதுதான் மரியாதை.

பழைய தரவைக் கொட்டி இயந்திரத்தையே கற்றுக்கொள்ள விடலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்குப் பயம் அங்கேதான். இத்தனை வருடச் சேர்க்கைப் பட்டியலைக் கொடுத்தால் அது முதலில் கற்றுக்கொள்வது பெண் பிள்ளை என்றால் தையல் அல்லது கம்ப்யூட்டர் ஆபரேட்டர் என்பதைத்தான், ஏனென்றால் நாம் இத்தனை நாள் அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். விதிகளாக எழுதும்போது “பெண் என்றால் தையல்” என்று எழுத யாருக்கும் கை வராது. எழுதினாலும் எல்லோர் கண்ணிலும் படும். அதற்காக விதிகள் சுத்தமானவை என்று சொல்லிவிட முடியாது. “கனமான பொருளைத் தூக்க முடியுமா?” என்று ஒரு சார் கொடுத்த கேள்வியை நான் வைத்திருந்தேன், ஃபிட்டர், மெஷினிஸ்ட் என்று வரிசையாகப் பெண்களைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது அந்தக் கேள்விதான். பட்டறையில் கனமானதைத் தூக்கச் செயின் பிளாக் இருக்கிறது, யாரும் கையால் தூக்குவதில்லை. எடுத்துவிட்டேன். “அப்பா என்ன தொழில்?” என்ற கேள்வியையும் எடுத்துவிட்டேன். கொலுசு செய்யத் தெரியுமா என்று பிள்ளையைக் கேட்டால் போதும், அப்பாவைக் கேட்க வேண்டாம். பிள்ளையின் கைக்குத் தெரிந்தது பிள்ளையினுடையது. அப்பாவின் தொழிலை வைத்து டிரேடு சொல்கிற வேலையை நம் ஊர் ஏற்கெனவே பல தலைமுறையாகச் செய்துகொண்டுதான் இருக்கிறது, அதற்கு ஒரு கணினி தேவையில்லை.

இன்னொரு சேலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் சேலம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்கிற கணினி நிறுவனம், வாடிக்கையாளர் கேட்ட கணினிக்கு எந்தெந்த உதிரிப் பாகம் சேர வேண்டும் என்று முடிவு செய்கிற எக்ஸ்கான் என்ற வல்லுநர் அமைப்பை 1980-ல் முதலில் ஓடவிட்டது அந்த ஊரிலிருந்த தொழிற்சாலையில்தான். 1986-க்குள் 80,000 ஆர்டர்களைப் பார்த்துவிட்டது. ஆனால் புதுப்புதுக் கருவிகள் வர வர விதிகள் ஆயிரக்கணக்கில் ஏறின, ஒன்றை மாற்றினால் இன்னொன்று இடித்தது, பராமரிக்கவே தனியாக ஆட்கள் தேவைப்பட்டார்கள். நமக்கும் அந்தத் தலைவலி வரும். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து தொழில் 4.0 என்கிற தானியங்கி, கணினி வழி உற்பத்தியின் தரத்துக்கு மாற்றும் வேலையில் ரோபோ, நவீன சி.என்.சி. (கணினி ஓட்டுகிற லேத் போன்ற இயந்திரங்கள்), மின்சார வாகனம் என்று புது டிரேடுகள் வந்திருக்கின்றன. இவற்றுக்கு இருபது வருடம் சொல்லிக்கொடுத்த சார் யாரும் இல்லை, ஏனென்றால் டிரேடுக்கே அத்தனை வயது இல்லை. அந்த டிரேடுகளுக்கு அமைப்பு பெரிய எண் எதையும் காட்டக் கூடாது, “இதைப் பற்றி என்னிடம் விதிகள் குறைவு, அங்கே படிக்கிற ஒருவரைப் பார்த்துப் பேசு” என்று சொல்லிவிட வேண்டும். எந்த ஆலையில் எந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்கிற விதிகளைத் தனியாக, தேதி போட்டு வைத்தால் பழசானதைக் கண்டுபிடிக்கவாவது முடியும்.

நான் செய்து வைத்திருப்பது சின்னதுதான், ஒரு பழைய லேப்டாப்பில் நாற்பது சொச்சம் விதிகள். கவுன்சலிங்குக்கு முந்தின வாரம் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். போன தடவை சேர்வராயன் மலையில் நாகலூர் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். வீட்டில் கொஞ்சம் காபித் தோட்டம், காபிப் பழத்தின் தோலை உரிக்கிற பல்ப்பர் இயந்திரம் சொந்தமாக இருக்கிறது, சீசனில் பெல்ட் நழுவினால் ஏற்றி மாட்டுவதும் சத்தம் வந்தால் எண்ணெய் விடுவதும் அவள்தான். ஃபிட்டர் என்று வந்தே ஆக வேண்டும், ஆனால் மூன்றாவது இடத்தில் நின்றது. அவளே “ஏன்” பொத்தானை அழுத்தினாள். பதினேழாவது விதி வந்தது: வீடு மலைமேல் இருந்து, பெண்ணாக இருந்து, விடுதி உறுதியாகாமல் இருந்தால் இரண்டு வருட டிரேடுகளுக்கு −0.5. தினமும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற முடியாமல் நடுவில் நின்றுவிட்டவர்களை நினைத்து நான் எழுதிய விதி அது.

“நான் எதுக்குங்கண்ணா தினமும் மலை ஏறி இறங்கணும்? அஸ்தம்பட்டியில எங்க அத்தை வீடு இருக்கு. நீங்க கேட்கவே இல்லையே?”

கேட்கவில்லைதான். சேலத்தில் தங்க இடம் உண்டா என்று ஒரு கேள்வி சேர்த்தேன், விதியிலிருந்து ‘பெண்ணாக இருந்து’ என்பதை எடுத்தேன், எண்ணை −0.2-க்குக் குறைத்தேன். திரையில் ஃபிட்டர் முதல் இடத்துக்கு வந்தது. அவள் அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, அரம் போடுவது எப்படி இருக்கும் என்று கேட்டாள். அலமாரியில் என் பழைய அரமும் ஒரு இரும்புத் துண்டும் இருந்தன, எடுத்துக் கொடுத்தேன். அப்பா வந்து கூப்பிடும் வரை ராவிக்கொண்டிருந்தாள்.